இடப்பக்கம் திரும்பாத குதிரை: டிரெஸாஜ் பழகுகிறவர்களின் அனுபவப் பகிர்வு

சனிக்கிழமை சவாரி:

என் குதிரைக்கு இடப்பக்கம் திரும்பப் பிடிக்காது என்று ஒன்றரை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்மில் இடதுகைக்காரர், வலதுகைக்காரர் இருப்பதுபோல அவனுக்கும் ஒரு பக்கம் வாட்டம், அவ்வளவுதான் என்று.

ஜெர்மனியில் முன்ஸ்டர் பக்கம் இருக்கிறேன். வாரநாளில் அலுவலகம், புதன் மாலையும் சனிக்கிழமையும் குதிரை. பழகுவது டிரெஸாஜ், சின்னச் சின்னச் சைகைகளுக்கு ஏற்பக் குதிரையைச் சீராக நடக்கவும் திரும்பவும் பழக்கும் கலை. ‘என் குதிரை’ என்றாலும் சொந்தக் குதிரை இல்லை. இங்கே ரைட்பெட்டைலிகுங் என்று ஓர் ஏற்பாடு உண்டு. உரிமையாளருக்கு மாசாமாசம் ஒரு தொகை கொடுத்துவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் அவருடைய குதிரையில் நாம் சவாரி செய்யலாம். அந்த நாட்களில் லாயத்தில் சாணி அள்ளுவதும் நம் வேலை. வெஸ்ட்ஃபாலியன் இனம், கருஞ்சிவப்பு, காயடித்த ஆண். அப்போது 9 வயது.

வலது கேன்டர், அதாவது வலதுகால் முந்தும் மூன்று தாள ஓட்டம், அருமையாக வரும். இடதில் கேட்டால் காது பின்னால் போகும், வால் சுழலும், இடதுகால் முந்தாமல் தப்புக் காலில் கிளம்புவான். அப்போது அங்கே சொல்லிக்கொடுத்தவர் களத்தின் நடுவில் நின்றபடி, “அவன் உன்னைச் சோதிக்கிறான், விடாதே, குதிமுள்ளைப் போடு” என்பார். போட்டேன். அது பலித்தும் விட்டது என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மூன்று, நான்கு வாரம் ஒழுங்காக இடது கேன்டர் வந்தது. வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். இப்போது அதே வீடியோவைப் பார்த்தால் அவன் வாய் திறந்தே இருப்பது தெரிகிறது. அன்று நான் பார்த்தது கால்களை மட்டும்.

ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. பதிலுக்கு எழுபதை நெருங்கும் ஓர் அம்மா வந்தார். ஓட்டி முடித்துச் சேணத்தை இறக்கியதும் என்னைக் கூப்பிட்டு முதுகைக் காட்டினார். முதுகு முழுக்க நனைந்திருக்க, தோள்பட்டைக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ளங்கை அளவுக்கு இரண்டு திட்டு மட்டும் காய்ந்து கிடந்தது. சேணம் அந்த இடத்தை அழுத்தோ அழுத்தென்று அழுத்தினால் அங்கே வியர்க்காதாம். “இரண்டு விரலை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போ” என்றார். இடது பக்கம் சேணம் முடியும் இடம் வந்ததும் அவன் முதுகு குழிந்து என் விரலுக்குக் கீழே ஓடிப்போனது. விரல்தான் வைத்திருந்தேன், அழுத்தக்கூட இல்லை.

கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். முதுகெலும்பின் மேல்முட்கள் இரண்டு மூன்று இடத்தில் நெருங்கி உரசுகின்றன. கிஸ்ஸிங் ஸ்பைன் என்பார்களே, அதுதான். மோசமான நிலை இல்லை. கூடவே சேணமும் ஒரு அளவு குறுகல். 6 வயதில் அளவெடுத்துத் தைத்த சேணம், குதிரை அதற்கப்புறமும் வளர்ந்திருக்கிறது. முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள்தான் குதிரையின் உடம்பில் கடைசியாக மூடுபவை, குறைந்தது ஐந்தரை ஆறு வயது ஆகிவிடும் என்பதெல்லாம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டு மாதம் யாரும் ஏறவில்லை. அப்புறம் அந்த அம்மாவிடமே பழக ஆரம்பித்தேன். முதல் மாதம் அவர் கற்றுக்கொடுத்ததற்கும் டிரெஸாஜுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. ஏறியதும் இருபது நிமிஷம் வெறும் நடை, அதுவும் காட்டுப் பாதையில். திரும்பி வந்தால் தரையில் கட்டைகளைப் போட்டு அவற்றின் மேல் நடை, ட்ராட் (இரண்டு தாளத் துள்ளோட்டம்). பத்து நிமிஷம் வேலை, உடனே ‘மென்று வாங்கிக்கொள்ள விடு’. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லகானை நாம் தூக்கிப் போடுவதில்லை. கையைத் தளர்த்தத் தளர்த்த, குதிரை வாயிலிருக்கும் இரும்பை மென்றபடியே லகானை அங்குலம் அங்குலமாக நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு, கழுத்தை முன்னாலும் கீழேயும் நீட்ட வேண்டும். தலையிலிருந்து கழுத்தின் மேற்புறமாக முதுகு வரை ஒரு கெட்டியான நார் ஓடுகிறது. கழுத்து அப்படி நீளும்போது அந்த நார் இழுபட்டு முதுகை மேலே தூக்குகிறது, உரசும் முட்களுக்கு நடுவில் இடம் கிடைக்கிறது. முதுகில் வலி உள்ள குதிரை லகானை வாங்காது, பிடுங்கும். அவன் முதல் மூன்று வாரம் பிடுங்கிக்கொண்டேதான் இருந்தான்.

ஜெர்மன்காரர்கள் பயிற்சிக்கு ஆறு படி வைத்திருக்கிறார்கள்: தாளம், தளர்வு, கையோடு ஒட்டுதல், உந்துதல், நேராதல், கடைசியில் உடலைத் திரட்டுதல், அதாவது எடையைப் பின்னங்கால்களுக்கு மாற்றுதல். புத்தகத்தில் எல்லாரும் படித்திருப்போம். பழைய ஆசிரியரிடம் இரண்டாம் படியைத் தாண்டிக் குதித்து நேராக ஆறாவதற்குப் போய்க்கொண்டிருந்தோம், ஏனென்றால் பார்க்க அழகாக இருப்பது அதுதான். கையால் தலையை உள்ளே இழுத்து வைத்தால் கழுத்து வளைந்து, தெரியாதவர் கண்ணுக்குத் திரட்டிய மாதிரியே இருக்கும். மோவாய் நெஞ்சைத் தொடும்வரை இழுத்து வைக்கும் ரோல்கூர் இதன் உச்சம். பலவந்தமாகக் கழுத்தை அப்படி மடக்குவதை ஏற்க முடியாது என்று சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ. 2010-ல் அறிவித்தது. பலவந்தமில்லாமல் தாழ்த்தி வைத்தால் பரவாயில்லை, ஆனால் பத்து நிமிஷத்துக்கு மேல் கூடாது என்றும் ஒரு விதி வைத்தார்கள். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்த வேண்டிய ஒன்றை எதற்கு ஆரம்பிக்க வேண்டும்? எனக்குப் புரியவே இல்லை.

பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் ஸூ டைசனும் அவர் குழுவும் உருவாக்கிய ஒரு பட்டியல் இருக்கிறது. ஏறி ஓட்டும்போது குதிரை காட்டும் 24 நடத்தைகள். எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் உடம்பில் எங்கோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். காது பின்னால் போவது, வால் சுழல்வது, வாய் திறப்பது, தப்புக் காலில் கேன்டர் எல்லாம் அதில் உண்டு. பழைய வீடியோவை வைத்து எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

உங்கள் பக்கத்தில் நடந்ததையும் எழுதுங்கள். ‘அடம்’ என்று நினைத்தது வேறு ஏதோவாக இருந்த கதை யாருக்காவது இருக்கும்.

பழைய லாயம்:

அக்கா, நீங்கள் வியர்வைத் திட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தீர்கள். எங்கள் சென்னையில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். புழுக்கம் தாங்காமல் தோல் காய்ந்துபோய், நின்ற இடத்தில் நாய் மாதிரி மூச்சு வாங்கும். அதையும் ‘சோம்பேறிக் குதிரை’ என்று சொல்லித் தட்டி ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே சவாரிப் பள்ளிகளில் இருப்பவை பெரும்பாலும் பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட தொரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரைகள். இரண்டு வயதிலேயே ஓட ஆரம்பித்து, ஐந்தாறு வயதில் வேலை முடிந்து வருபவை. ரேஸில் ஜாக்கி லகானை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கக் குதிரை அதன்மேல் சாய்ந்துகொண்டு ஓடும். அதன் பாஷையில் இறுக்கினால் ‘போ’. பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பையன் பயந்துபோய் இரண்டு கையாலும் இழுக்கிறான், குதிரை பறக்கிறது. ‘பைத்தியம்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

நான் உதவிக்குப் போய்க்கொண்டிருந்த இடத்தில் அப்படி ஒரு பெண் குதிரை. வயிற்றுப் பட்டையை இறுக்கினால் திரும்பிக் கடிக்க வருவாள். இரண்டு பேர் பிடித்தால்தான் சேணம் ஏறும். விடியற்காலை ஐந்தரைக்கே வெயிலுக்கு முன் சவாரி, தீனி வந்து சேர ஏழு மணி. அங்கே வயதான சைஸ் (குதிரை பராமரிப்பவர்) ஒருவர் இருந்தார், பள்ளிக்கூடம் போகாதவர். “தம்பி, வெறும் வயித்துல ஒன்ன கட்டி இறுக்குனா நீ சும்மா இருப்பியா?” என்று கேட்டார். மறுநாளிலிருந்து யாருக்கும் சொல்லாமல் ஐந்து மணிக்கே ஒரு கை அளவு காய்ந்த புல் வைத்துவிடுவார். ஒரு வாரத்தில் கடிப்பது குறைந்தது.

பிறகு மருத்துவர் வந்து பார்த்தபோது இரைப்பையில் புண் என்று மருந்து கொடுத்தார். குதிரையின் இரைப்பை ராத்திரி பகல் பார்க்காமல் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், அதை ஆற்றும் எச்சில் மட்டும் மெல்லும்போதுதான் ஊறும் என்று விளக்கினார். வெறும் வயிற்றோடு ட்ராட் ஓட்டினால் அந்த அமிலம் குலுங்கி மேல்பகுதியில் அடிக்கிறது. சைஸுக்கு இந்த விளக்கம் எதுவும் தெரியாது. நிர்வாகத்துக்கு இதெல்லாம் தெரியும், ஆனால் புல் செலவும் தெரியும்.

அவளை டிரெஸாஜுக்குப் பழக்க ஒரு வருஷம் ஆனது. ‘லகான் வந்தால் நில்’ என்று புதுப் பாஷை சொல்லிக்கொடுக்கவே நாலு மாதம். பெரிய போட்டி எதற்கும் போகவில்லை. பத்து வயசுப் பிள்ளைகள் ஏறி வட்டம் போடுகிறார்கள்.

நேர்கோடு:

இரண்டு பதிவையும் படித்தேன். ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு எச்சரிக்கை. ‘மெதுவாக, பாசமாக’ என்று சொல்லிக்கொண்டு வேலையே கொடுக்காமல் வயிறு தொங்க வைத்திருக்கும் குதிரைகளும் நான் பார்த்தவரை நிறைய. முதுகில் சதை இல்லாத குதிரைமேல் வாரம் ஒருமுறை 80 கிலோ ஆள் ஏறி உட்காருவதும் கொடுமைதான். ஒழுங்கான டிரெஸாஜ் என்பது குதிரைக்கு உடற்பயிற்சி. அதைச் செய்தால்தான் அது நம்மைச் சுமக்க முடியும்.

போட்டி என்றாலே வதை என்பதும் சரியில்லை. ஜெர்மன் வீராங்கனை இசபெல் வெர்த்தின் குதிரை ஜிகோலோ 1992, 1996, 2000 என்று மூன்று ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியது. சிட்னியில் அதற்கு 17 வயது. 2012 லண்டனில் ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சு 71 வயதில் சவாரி செய்தார், அவருடைய குதிரை விஸ்பருக்கே 15 வயது. டிரெஸாஜின் உச்ச மட்டமான கிராண்ட் பிரீக்குக் குதிரை 8 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்ற விதியும் சும்மா வைத்ததில்லை. அந்த மட்டத்துக்கு உடம்பைக் கட்ட அத்தனை வருஷம் பிடிக்கும்.

அதேசமயம் மேல்மட்டத்தில் எல்லாம் சுத்தம் என்றும் சொல்ல மாட்டேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடங்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போது பிரிட்டிஷ் டிரெஸாஜ் வீராங்கனை ஷார்லட் டுஜார்டின் விலகியது நினைவிருக்கும். பயிற்சி வகுப்பில் குதிரையின் கால்களில் சாட்டையால் திரும்பத் திரும்ப அடித்த வீடியோ. ஒரு வருஷத் தடை, 10,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். அவர் ஓட்டிய வலேக்ரோ என்ற குதிரையைக் காட்டித்தான் நாங்கள் எல்லாரும் ‘பாருங்கள், மேய விட்டு, வெளியே கூட்டிப்போய், இப்படியும் ஜெயிக்கலாம்’ என்று பேசிக்கொண்டிருந்தோம். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் போட்டிகளில் உபகரணச் சோதனைக்கு உதவியிருக்கிறேன். மூக்குப்பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். யார் விரல் என்பதில்தான் சண்டை. என்னுடையது தடி விரல். “உன் விரலுக்கு எந்தக் குதிரைதான் தேறும்” என்று ஒருவர் கத்தினார். 2025-ல் எஃப்.இ.ஐ. ஒரே மாதிரி அளவுகருவி கொண்டுவந்தது, ஒன்றரை சென்டிமீட்டர். நுழைந்தால் சரி, நுழையாவிட்டால் தளர்த்து. விரல் பஞ்சாயத்து முடிந்தது.

கத்தரிப்பூ:

நான் குதிரை ஏறுகிறவள் இல்லை, வேடிக்கை பார்க்கிறவள். வியன்னாவில் ஸ்பானியக் குதிரைப் பள்ளியின் காலைப் பயிற்சிக்கு டிக்கெட் எடுத்துப் போனேன். சரவிளக்குக்கு அடியில் வெள்ளைக் குதிரைகள் எகிறிக் குதிக்கப்போகின்றன என்று உட்கார்ந்தால், பாதி நேரம் நடக்கின்றன. ஒரு வட்டம், நிறுத்தம், மறுபடி நடை. பக்கத்து சீட்டுக்காரர் தூங்கியே விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். எது ஒன்று சரியாக வந்தாலும் சவாரிக்காரரின் கை பின்னால் போகிறது. கோட்டின் வால்பகுதிக்குள் ஒரு பை, அதில் சர்க்கரைக் கட்டி. குதிரை கழுத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. ஒரு குதிரை எதையும் செய்யாமலே கழுத்தைத் திருப்பிப் பார்த்தது, அதற்குக் கிடைக்கவில்லை.

நடுவில் ஒரு கருஞ்சாம்பல் குதிரை வந்தது. வேறு இனம் என்று நினைத்தேன். இல்லையாம், அந்தப் பள்ளியின் இனமான லிப்பிஸானர்கள் கருமையாகப் பிறந்து வருஷக்கணக்கில் மெல்ல வெளுப்பவை. இது சின்னப் பையன். நாலு வயசு வாக்கில்தான் பயிற்சியே தொடங்குகிறார்கள், முழுதாகத் தேற இன்னும் ஆறு வருஷம் போல ஆகும் என்றார் வழிகாட்டி. புதிதாகச் சேரும் மனிதப் பிள்ளைகளை, அங்கவடியும் லகானும் இல்லாமல், தேர்ந்த கிழக் குதிரைமேல் உட்கார வைத்துத்தான் கற்றுக்கொடுப்பார்களாம்.

சனிக்கிழமை சவாரி:

எல்லாருக்கும் நன்றி. நேர்கோடு அண்ணா, நீங்கள் சொன்ன ‘வேலையே கொடுக்காத பாசம்’ என்னையும் சுட்டது. எக்ஸ்ரேவுக்குப் பிறகு பயந்துபோய் ஆறு மாதம் கேன்டரே கேட்காமல் இருந்தேன். அந்த அம்மாதான், “அவனுக்கு முதுகு பலம் வேண்டும், உன் பச்சாதாபம் வேண்டாம்” என்று திட்டி ஆரம்பிக்க வைத்தார்.

தனி மடலில் இரண்டு பேர் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டார்கள். 15 வயது ஆகிவிட்டது. சேணத்தை வருஷத்துக்கு இரண்டு தடவை சரிபார்க்கிறோம், அந்தச் செலவில் உரிமையாளரும் நானும் பாதிப் பாதி. இடது கேன்டர் வருகிறது, வலது அளவுக்கு இல்லை. தோளை உள்பக்கம் கொண்டுவந்து சாய்வாக நடக்கும் ஷோல்டர்-இன் நன்றாக வருகிறது.

போன சனிக்கிழமை மழை, ஹாலுக்குள் ஓட்டினோம். இடது கேன்டர் கேட்டதும் வாலை ஒரு சுழற்று சுழற்றினான். இன்னொரு தடவை கேட்டேன், மறுபடி அதே. இறங்கிச் சேணத்தைத் தூக்கிப் பார்த்தால், அடியில் போடும் துணி இடது பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு மடிந்து கிடந்தது. நீவி விட்டுப் பூட்டினேன்.