கும்பகோணம் பாத்திரக்கடை, தீபாவளி விற்பனை: பேப்பர் விளம்பரமா, பிட் நோட்டீஸா?

காவிரிக்கரை:
"எல்லார் கையிலயும் ஃபோன் இருக்கு, பேப்பர் விளம்பரம் தண்டச்செலவு"ன்னு நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார். ஒத்துக்க முடியாது. சீர் பாத்திரம் எங்கே எடுக்கறதுங்கறது வீட்டுப் பெரியவங்க முடிவு. அவங்க காலையில டீக்கடையில பேப்பர் பார்க்கறவங்க. ஒரே நாள் அரைப்பக்கம் போட்டுக் காசைக் கரைக்காதீங்க. 8 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம், உள்ளூர்ச் செய்தி வர்ற பக்கத்துல மூணு நாள் தொடர்ந்து போடுங்க.

வடகரைக் கணக்கு:
அது 80 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 100 ரூபாய்னு வெச்சுக்குவோம். நாளைக்கு 8,000, ஜிஎஸ்டி 5 சதவீதம் 400. மூணு நாளைக்கு 25,200. மார்ஜின் 15 சதவீதம்னா, கூடுதலா 1,68,000 ரூபாய்க்கு வித்தாதான் விளம்பரக் காசே திரும்பும். விளம்பரம் வர்ற பேப்பர் பதிப்பு வேதாரண்யம் வரைக்கும் போகுதுன்னா, அங்கேருந்து யார் அண்டா வாங்கக் கும்பகோணம் வருவாங்க? பேப்பர் ஏஜென்ட் மூலமா பாபநாசம், வலங்கைமான், திருவிடைமருதூர் லைனுக்கு (பேப்பர் போடற வழிக்கு) மட்டும் பேப்பருக்குள்ள நோட்டீஸ் சொருகலாமே.

காவிரிக்கரை:
ரெகுலர் ஜிஎஸ்டி பதிவு இருந்தா மூணு நாள் ஜிஎஸ்டி 1,200-ஐ உள்ளீட்டு வரியா, நாம கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கலாம்; 1,60,000 வித்தா போதும். அப்படிக் கழிக்க முடியாத காம்போசிஷன் கடைக்குத்தான் (விற்பனையில ஒரு சதவீதமா வரி கட்டற சின்னக் கடை) உங்க கணக்கு. சொருகறது என்ன லட்சணம்னு பாருங்க. விடியக்காலையில பேப்பர் கட்டு இறங்கினதும் பையன் அவசரத்துல ஒரு பேப்பர்ல மூணு வைப்பான், அடுத்ததுல ஒண்ணும் இருக்காது. ஐப்பசி ஈரத்துல நோட்டீஸ் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.

வடகரைக் கணக்கு:
எந்த லைனுக்கு எத்தனை பேப்பர்னு கேட்டு, நூறு நூறா எண்ணிக் கட்டி, முதல் நாள் சாயங்காலமே குடுத்தா அந்தக் குழப்பம் வராது. லைனுக்கு ஒரு கலர் காகிதம்: பாபநாசத்துக்கு மஞ்சள், வலங்கைமானுக்குப் பச்சை. "நோட்டீஸோட வந்தா ஒரு டம்ளர் இலவசம்"னு அடிங்க. கல்லாவுல சேர்ற காகிதமே எந்த லைன் வேலை செஞ்சதுன்னு காட்டிடும். பேப்பர் விளம்பரத்துல அதை எப்படி எண்ணுவீங்க?

அச்சுக்கூடம்:
கூப்பன் கட்டம் போடலாம், ஆனா டீக்கடை பேப்பரை யாரும் வெட்டிக்கிட்டு வர முடியாது. அதனால விளம்பரத்துக்குன்னு தனி ஃபோன் நம்பர் வைங்க. அந்த நம்பரை நாலு கலர் கலந்த கறுப்புல அடிக்காதீங்க. கலர் ஒரு நூல் விலகினாலும் 3 எது 8 எதுன்னு தெரியாது. தனிக் கறுப்பு போதும். கறுப்பு அடியில வெள்ளைச் சின்ன எழுத்தும் வேண்டாம், இந்தக் காகிதத்துல மை பரவி அடைஞ்சுடும். "மாபெரும் தள்ளுபடி"க்குப் பதிலா, பழைய பித்தளையைக் கிலோ என்ன விலைக்கு எடுக்கறீங்கன்னு ரூபாயில போடுங்க.

ரெண்டு பேருமே தேதியை விட்டுட்டீங்க. ஜூன் 12-ல மேட்டூர் அணை திறந்தா புரட்டாசி வாக்குல குறுவை அறுவடை. மழை பிடிச்சு நெல்லோட ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா அது கொள்முதல் நிலைய வாசல்லயே கிடக்கும், விவசாயிங்க பேங்க் கணக்குல பணம் ஏறாது. அந்த வாரம் எதுவும் எடுபடாது. இடம் புக் பண்ணும்போதே, தேதி மாத்த எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்னு கேட்டுக்குங்க.

வடகரைக் கணக்கு:
அப்போ நோட்டீஸ் பக்கம்தான் நியாயம். மழைன்னா முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குக்கூட நோட்டீஸ் கட்டுகளை நிறுத்தி வெச்சுக்கலாம். பேப்பர்ல பக்கம் கட்டினப்புறம் யாரை நிறுத்தச் சொல்றது?