இங்கிரிட் பெர்க்மன்: இத்தாலிக்குப் போன வருடங்கள் வீணா?

தோபாயோ வாசகி
காசாபிளாங்கா பார்த்தேன், அப்புறம் கேஸ்லைட், நொட்டோரியஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். இப்போது எம்ஆர்டி ரயிலில்கூட நடிகை பெர்க்மனைப் பற்றித்தான் படிக்கிறேன். 1949-ல் ஹாலிவுட்டை விட்டு இத்தாலிய இயக்குநர் ரோசலினியிடம் போனதும் சரிந்தார், 1956-ல் அனஸ்தேசியா வந்துதான் மீண்டார், அதற்கு ஆஸ்கரும் வாங்கினார் என்றுதான் எங்கும் எழுதியிருக்கிறார்கள். நடுவில் வந்த படங்கள் அவ்வளவு மோசமா? விட்டுவிட்டு மேலே போகலாமா?

ஈசூன் ரவி
விட்டுவிடாதீர்கள் அக்கா. அவை ஓடவில்லை என்பது உண்மை, ஆனால் ஓடாத படமெல்லாம் மோசமான படம் இல்லையே. ரோசலினியின் ரோம் ஓபன் சிட்டி, பைசா இரண்டையும் பார்த்துவிட்டு, உங்கள் படத்தில் நடிக்க வருகிறேன் என்று இவரே ரோசலினிக்குக் கடிதம் எழுதினார், காதல் எல்லாம் அதற்குப் பிறகு. இருவரும் ஏற்கெனவே திருமணமானவர்கள், 1950 பிப்ரவரியில் மகன் பிறந்தான், அடுத்த மாதமே கொலராடோ செனட்டர் எட்வின் ஜான்சன் செனட் சபையில் எழுந்து இவரைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். ஒரு நடிகையின் சொந்த வாழ்க்கையை அங்கே கொண்டுபோய் வைத்தது அநியாயம். சார்லஸ் பெர்சி என்ற இன்னொரு செனட்டர் 1972-ல்தான் அதற்கு மன்னிப்புக் கேட்டார்.

ஜர்னி டு இட்டலி (1954) படத்தை முதலில் பாருங்கள். நேப்பிள்ஸ் பக்கம் ஒரு வீட்டை விற்க வந்த ஆங்கிலேயத் தம்பதி, பேசிக்கொள்ளவே ஒன்றும் இல்லாமல் போனவர்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்து இறந்தவர்களின் உடல் இருந்த வெற்றிடத்தில் பிளாஸ்டர் ஊற்றி பொம்பெயி என்ற பழைய நகரில் உருவம் எடுக்கிறார்கள், ஒரு ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பது மெல்லத் தெரிகிறது. அதைத் தாங்க முடியாமல் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்கிற இடத்துக்காகவே பார்க்கலாம். பாரிஸில் ட்ரூஃபோ, ரிவெட் போன்ற இளம் விமர்சகர்கள் அப்போதே கொண்டாடிய படம்.

பழைய ரசிகர்
தம்பி சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். படம் நல்ல படம், சரி. ஆனால் தன் மனைவி வேறு இயக்குநர்களிடம் நடிப்பதை ரோசலினி விரும்பவில்லை. ஸ்டாக்ஹோமில் ராயல் டிராமாட்டிக் தியேட்டரின் பள்ளியில் பயின்று, ஸ்வீடிஷ், ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியன் என்று ஐந்து மொழிகளில் நடித்த ஒருவரை, முப்பத்தைந்து வயதில், முழுத் திரைக்கதைகூட இல்லாத படங்களுக்குள் அடைத்து வைத்ததை நான் இழப்பு என்றுதான் சொல்வேன். முதல் மகள் பியாவைப் பல வருடம் பார்க்க முடியாமலும் போனது. இதைச் சொல்லாமல் அந்த வருடங்களைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

மெல்லினா
பியா பேச்சு வந்ததால் சொல்கிறேன், ஆட்டம் சொனாட்டா (Autumn Sonata, 1978) பார்க்காமல் யாரும் முடிவுக்கு வராதீர்கள். ஸ்வீடனில் நடிக்கத் தொடங்கியவர், தன் கடைசித் திரையரங்குப் படத்தை மறுபடி ஸ்வீடிஷ் மொழியில், இங்மார் பெர்க்மன் இயக்கத்தில் நடித்தார் (பெயர்தான் ஒன்று, உறவு கிடையாது). கச்சேரி கச்சேரியாக ஊர் சுற்றி மகள்களைக் கவனிக்காத பியானோ கலைஞர் வேடம். மகளாக லிவ் உல்மன் இசையமைப்பாளர் ஷோபனின் பிரெலூட் (சிறிய பியானோ இசை) ஒன்றைத் தட்டுத்தடுமாறி வாசிக்கும்போது இவர் முகத்தை மட்டும் பாருங்கள்: பாசம், பரிதாபம், கலைஞருக்கே உரிய எரிச்சல் மூன்றும் மாறி மாறி வரும். பிறகு அதே பிரெலூட்டைத் தானே வாசித்துக் காட்டுவார், பெற்ற மகளிடம் இப்படி நடந்துகொள்ள முடியுமா என்று எனக்குப் பதறியது. ஒத்திகையில் இயக்குநரோடு அந்தத் தாய் பாத்திரத்தைப் பற்றி நிறைய வாதாடியிருக்கிறார். எனக்கு காசாபிளாங்காவைவிட இதுதான் பெரிது.

அப்போதே மார்பகப் புற்றுநோய். அதோடுதான் இஸ்ரேலின் முன்னாள் பிரதமர் கோல்டா மேயராகத் தொலைக்காட்சியில் நடித்தார், அதற்குக் கிடைத்த எம்மி விருதை அவர் மறைவுக்குப் பிறகு பியாதான் வாங்கினார். இறந்தது லண்டனில், 1982 ஆகஸ்ட் 29, அவருடைய 67-வது பிறந்தநாள்.

தோபாயோ வாசகி
நன்றி எல்லோருக்கும். இந்த வாரக் கடைசியில் ஜர்னி டு இட்டலி, அடுத்து ஆட்டம் சொனாட்டா. ரோசலினியின் ஸ்ட்ராம்போலி படத்தை எங்கே சேர்ப்பது?

ஈசூன் ரவி
இரண்டுக்கும் நடுவில் வையுங்கள் அக்கா. எரிமலைத் தீவில் உண்மையான மீனவர்களோடு எடுத்தது, சூரை மீன் பிடிக்கும் காட்சி நீளம், ஓட்டிவிடாமல் பாருங்கள்.