நூதனசாலை உரைகள் மட்டக்களப்புக்கு வேண்டுமா?

கல்லடிப்பாலம்:
கொழும்பில் 1877 முதல் நூதனசாலை (அருங்காட்சியகம்) இருக்கிறது. எங்களிடம் 1628 இல் போர்த்துக்கீசர் கட்டி, பத்து ஆண்டுகளில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டை இருக்கிறது. ஊரில் மாதம் ஓர் இலவச உரை வைத்தால் என்ன? ஒரு மாதம் வாவி, ஒரு மாதம் கூத்து, ஒரு மாதம் பழைய கட்டடங்கள்.

மத்தளச்சத்தம்:
வேண்டாம். போன வருடம் ஒரு மண்டபத்தில் இப்படியான உரைக்குப் போயிருந்தேன். மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை என்று ஒன்றரை மணி நேரம் போனது. பேச வந்தவருக்குக் கிடைத்தது இருபது நிமிடம். மூலையில் ஒரு கரப்புடுப்பை, அதாவது வடமோடிக் கூத்தில் கட்டும் கூடை போன்ற உடுப்பை, கம்பத்தில் மாட்டி வைத்திருந்தார்கள். ஆட்டக்காரன் இல்லாத கரப்புடுப்பு வெறும் கரப்புத்தான். அதை வைத்து வாவியில் மீன் பிடிக்கலாம். கூத்தை அறிய வேண்டியவர் அது ஆடப்படும் களரிக்கு வரட்டும்.

காரைதீவுப்பெண்:
அண்ணா, பொன்னாடைக் கோபத்தை உரையின் மேல் காட்டாதீர்கள். எங்கள் ஊர் விபுலானந்த அடிகள் ஆராயப் புகுந்தபோது பழந்தமிழர் யாழை மீட்டுவதற்கு ஒருவரும் இல்லை. நரம்பும் இல்லை, களரியும் இல்லை. பழைய பாடல்களையும் கணக்கையும் வைத்துத்தான் 1947 இல் யாழ் நூலைத் தந்தார். வழக்கொழிந்த ஒன்றைப் பற்றிப் பேசக்கூடாது என்றால் அந்த நூலே வந்திருக்காது.

மத்தளச்சத்தம்:
தங்கச்சி, அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். இவர்கள் கைப்பேசியைப் பார்த்து வாசிக்கிறார்கள். பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனபோதுகூடக் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரை அழைத்துத்தான் பழக்கினார். அப்படியென்றால் எனக்கு மறுப்பில்லை.

முகத்துவாரம்:
கூத்தை விடுங்கள், வாவிக்கு வாருங்கள். ஒவ்வொரு மாரியிலும் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டுவதில் இழுபறி. வெட்டினால் வெள்ளம் வடியும், வயல் தப்பும். ஆனால் நேரம் தப்பி வெட்டினால் இறாலும் மீன்குஞ்சும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும் என்கிறார் மீன்பிடிகாரர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கண்டல் மரம் வெட்டப்பட்டால் குஞ்சு ஒதுங்க இடமில்லை என்பதும் இதோடு சேர்ந்த கதை. இதை ஆளுக்கொரு பக்கம் தேநீர்க்கடையில்தான் பேசுகிறோம். வயல்காரரும் மீன்பிடிகாரரும் ஒரே வாங்கில் இருந்து கேட்க ஓர் இடம் வேண்டும். அது நூதனசாலையாக இருந்தால் எனக்குச் சரி.

மத்தளச்சத்தம்:
அதற்குப் பேச்சாளர் எதற்கு? அவர்களே பேசட்டுமே.

காரைதீவுப்பெண்:
பேசினால் அடிதடியில் முடியும். உப்புநீர் எவ்வளவு தூரம் உள்ளே ஏறுகிறது என்று அளந்து சொல்ல ஒருவர் நடுவில் வேண்டும்.

கல்லடிப்பாலம்:
சரி, அப்படியே வைப்போம். மாலை நாலு மணி பொருந்துமா?

முகத்துவாரம்:
நாலு மணி அலுவலகக்காரருடைய நேரம். மீன்பிடிகாரர் அப்போது தோணியில் வலை ஏற்றிக்கொண்டிருப்பார். காலை பத்து மணிக்கு மீனை விற்றுவிட்டு வருவார். வெள்ளிக்கிழமையும் வேண்டாம், ஜும்ஆத் தொழுகை இருப்பதால் காத்தான்குடியிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள்.