கையடக்க பிளேயரில் வீடியோ ஏற்றிய அனுபவங்கள்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

பதிவு 1

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பா மூன்று வாரம் படுக்கையில் இருந்தார். போனைக் கையில் கொடுத்தால் யாராவது அழைத்துக்கொண்டே இருப்பார்கள், ஓய்வு கிடைக்காது. அதனால் அலமாரியில் கிடந்த என் பழைய ஐபாடை எடுத்தேன். 2005-இல் வந்த, வீடியோ ஓடும் முதல் ஐபாட் அது. 2.5 அங்குலத் திரை, 320×240 பிக்சல். அதில் குடும்ப வீடியோக்களை ஏற்றித் தரலாம் என்று நினைத்தேன்.

முதல் இரவு ஒன்றுகூட ஏறவில்லை. எல்லாமே எம்பி4 கோப்புகள்தான், கணினியில் நன்றாக ஓடுகின்றன, பிறகு என்ன? தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. எம்பி4 என்பது வெறும் உறை. உள்ளே இருக்கும் படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். கணினி எதையும் மென்பொருளை வைத்து விரித்துவிடும். சின்ன பிளேயரில் அதற்கென ஒரு சில்லு இருக்கிறது, அந்தச் சில்லுக்குத் தெரிந்தது மட்டும்தான் ஓடும். என் கோப்புகள் எச்.264 என்ற சுருக்க முறையில் ஹை புரொஃபைல் என்ற சிக்கலான வகை, ஐபாடுக்கு வேண்டியது பேஸ்லைன் புரொஃபைல் என்ற எளிய வகை.

வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் பேஸ்லைன், அகலம் 320, படத்துக்கு 500 கேபிபிஎஸ் (நொடிக்கு 500 கிலோபிட்), ஒலிக்கு ஏஏசி என்ற சுருக்க முறையில் 128 என்று வைத்தேன். ஒரு மணி நேர வீடியோ ஏறக்குறைய 283 எம்பி வந்தது. (500-ஐயும் 128-ஐயும் கூட்டி, 3600 நொடியால் பெருக்கி, எட்டால் வகுத்தால் கிலோபைட் கணக்கு வந்துவிடும். ஒவ்வொரு முறையும் மாற்றிப் பார்த்துத்தான் அளவு தெரிய வேண்டும் என்றில்லை.)

அடுத்து, உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். போனில் எடுத்த வீடியோக்களில் மட்டும்தான் இப்படி. ஆரம்பத்தில் சரியாக இருக்கும், போகப்போக விலகும். போன் கேமரா வெளிச்சத்தைப் பொறுத்து நொடிக்கு எத்தனை பிரேம் (தனிப் படம்) என்பதைக் கூட்டிக் குறைக்கிறது. ஹேண்ட்பிரேக்கில் பிரேம் வேகத்தை 'மாறாதது' என்று வைத்து, நொடிக்கு 30 என்று கட்டிப்போட்டதும் சரியாகிவிட்டது. இரண்டு நாள் இதற்கே போனது.

கடைசியாக ஒரு முடிவு நானாக எடுத்தேன். 16:9 வீடியோ இந்தத் திரையில் 320×180 ஆகத்தான் வரும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை. அப்பாவுக்குக் கண்ணாடி போட்டும் முகங்கள் தெரியவில்லை. இரு பக்கமும் சேர்த்து கால் பங்கு அகலத்தை வெட்டி, திரை முழுக்க நிரப்பினேன். படத்தை வெட்டக் கூடாது என்பவர்கள் உண்டு, எனக்கும் மனசு வரவில்லைதான். ஆனால் ஓரத்தில் நிற்கும் கதவைவிட நடுவில் நடக்கும் பேத்தியின் முகம்தானே அவருக்கு வேண்டும்?

பதிவு 2

உங்கள் பதிவைப் படித்ததும் என் முதல் பிளேயர் நினைவுக்கு வந்தது. அட்டைப்பெட்டியில் 'எம்பி4 பிளேயர்' என்று போட்டிருக்கும், ஆனால் எம்பி4 ஓடாது. ஏஎம்வி என்ற வடிவம் மட்டும்தான் ஓடும். கூடவே வந்த மாற்றும் மென்பொருள் குறுந்தட்டு எப்போதோ தொலைந்துவிட்டது. ஏஎம்வியில் ஒவ்வொரு பிரேமும் தனித்தனி ஜேபெக் படம் மாதிரி. முந்தைய பிரேமிலிருந்து மாறியதை மட்டும் சேமிக்கும் வேலையே இல்லை. அதனால் திரை துளியூண்டு இருந்தாலும் கோப்பு பருத்துவிடும்.

நல்லவேளை, வீடியோ மாற்றும் இலவச மென்பொருளான எஃப்எஃப்எம்பெக் இப்போது ஏஎம்வியை எழுதுகிறது. ஆனால் ஒலி ஒற்றைத் தடமாக, 22,050 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். நொடிக்கு 16 பிரேம் என்றால் ஒலித் துண்டின் அளவை 1378 என்று நாமே சொல்ல வேண்டும். 22,050-ஐ 16-ஆல் வகுத்தால் வருவது அது. அந்த எண்ணைக் கொடுக்காமல் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பழைய பிளேயர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

பதிவு 3

எனக்கு பிஎஸ்பி, சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவி. 480×272 திரை அருமையாக இருக்கும். பழைய ஃபர்ம்வேரில் (கருவியின் உள் மென்பொருளில்) வீடியோவுக்கென ஒரு குறிப்பிட்ட ஃபோல்டர் வேண்டும். கோப்பின் பெயரும் எம்4வி என்று தொடங்கி ஐந்து இலக்க எண்ணில் முடிய வேண்டும். நான் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டு, மாற்றியதில்தான் கோளாறு என்று ஒரே படத்தை மூன்று முறை திரும்ப மாற்றினேன். பெயரை முதலில் பாருங்கள்.

பதிவு 4

தமிழ் சப்டைட்டில் பற்றி யாரும் சொல்லவில்லையே. சப்டைட்டில் வரிகள் உள்ள எஸ்ஆர்டி கோப்பை, தமிழ் எழுத்தும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறியீட்டில் சேமித்து வீடியோவோடு போட்டேன். ஒரு பிளேயரில் வெறும் கட்டங்கள் வந்தன, தமிழ் எழுத்துருவே இல்லை. இன்னொன்றில் எழுத்து வந்தது, ஆனால் 'கொ' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் வேலை அதற்குத் தெரியவில்லை. அம்மா இரண்டு வரி படித்துவிட்டு, "கண்ணு வலிக்குதுப்பா" என்று கீழே வைத்துவிட்டார்.

அப்புறம் கணினியிலேயே சப்டைட்டிலைப் படத்தோடு சேர்த்துப் பதித்துவிட்டேன். கொம்பும் புள்ளியும் அதனதன் இடத்தில் வந்தன. முதலில் படத்தைச் சிறிதாக்கிவிட்டு, அதன் மேல் எழுத்தைப் பதித்தால் கூர்மையாக இருக்கிறது. பெரிய படத்தில் பதித்துச் சுருக்கினால் ணகரமும் னகரமும் ஒன்றாகக் குழைகின்றன. எழுத்தின் அளவை ஒன்றரை மடங்காக்கி, நீண்ட வரிகளை இரண்டாகப் பிரித்தேன்.

பதிவு 1 எழுதியவர் மீண்டும்

நான்காம் பதிவுக்கு மிக்க நன்றி. அப்பாவுக்கு இப்போது காது சற்று மந்தம். பழைய பதிவுகளில் தாத்தா பேசுவது அவருக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று நேற்றுதான் சொன்னார். தாத்தாவின் பேச்சை நானே தட்டச்சு செய்து, நீங்கள் சொன்னபடி பதித்துப் பார்க்கப்போகிறேன். முழுதாக மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடத் துண்டை மட்டும், இருட்டும் வேகமான அசைவும் உள்ள இடமாகப் பார்த்து, மாற்றி பிளேயரிலேயே ஓட்டிப் பார்ப்பேன். இன்று இரவு அந்த ஒரு நிமிடம் தயாராகிவிடும்.