ஆயா வீடு, காரிமங்கலம்: குடும்பக் குழுவில் இரண்டு நாள்

புதன், காலை 6.52

பெரியப்பா: (பலமுறை பகிரப்பட்டது) "அவசியம் படிக்கவும்!! 1918 ஸ்பானிஷ் காய்ச்சலில் மக்கள் வைரஸால் சாகவில்லை. மாஸ்க்கில் வளர்ந்த பாக்டீரியா நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வந்துதான் செத்தார்கள். அமெரிக்க டாக்டர் ஃபாவ்சியே 2008-இல் இதை எழுதியிருக்கிறார். மாஸ்க்கைக் கழற்றி எறியுங்கள். பத்துப் பேருக்கு அனுப்புங்கள்."

பெரியப்பா: இந்த வீட்டில் ஆளாளுக்கு மாஸ்க் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். நேற்று ஆயாவுக்கும் ஒன்றை மாட்டிவிட்டார்கள். மூச்சு வாங்குகிற மனுஷிக்கு இது தேவையா என்று யாராவது யோசித்தீர்களா?

பெரியம்மா: நான்தான் மாட்டினேன். பேரனுக்கு மூக்கு ஒழுகுகிறது. அவன் ஆயாவின் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான். வேறு என்ன செய்வது?

சித்தப்பா (கிருஷ்ணகிரி): அண்ணா சொல்வதில் விஷயம் இருக்கிறது. பட்டறையில் நான் கட்டுகிற துணி மாஸ்க்கை ஒரு வாரம் கழித்து மோந்து பார்த்தால் குடலைப் புரட்டும்.

தம்பி: அதைத் துவைக்கலாம் அப்பா. தடை ஒன்றும் இல்லை.

சித்தப்பா (கிருஷ்ணகிரி): நீ முதலில் உன் தலையணை உறையைத் துவை.

நான்: பெரியப்பா, மாஸ்க் கதையைப் பிறகு பார்க்கலாம். ஆயாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எப்போதிலிருந்து?

பெரியப்பா: வயசானால் மூச்சு வாங்கத்தான் செய்யும் கண்ணு. படி ஏறினால் எனக்கும்தான் வாங்குகிறது.

நான்: ஆயா படி ஏறினாரா?

பெரியம்மா: இல்லை. கட்டிலில்தான் படுத்திருக்கிறார். போன வியாழக்கிழமை காய்ச்சல் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை விட்டுவிட்டது. திங்கட்கிழமை களியும் கீரைக் கடைசலும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சரியாகிவிட்டது என்றுதான் இருந்தோம். நேற்று மாலை மறுபடியும் குளிர் எடுத்தது. இரவெல்லாம் இருமல். வலப்பக்கம் விலாவில் குத்துகிறது என்கிறார்.

அத்தை (காவேரிப்பட்டணம்): அம்மாவுக்கு மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா அண்ணி?

பெரியம்மா: வியாழக்கிழமையே மருந்துக் கடையில் அஜித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாடிக் மூன்று மாத்திரை வாங்கி வந்தார் உங்கள் அண்ணன். அது தீர்ந்துவிட்டது.

நான்: பெரியம்மா, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற ஆக்சிமீட்டர், 2021-இல் வாங்கியது, பீரோவில் இருக்க வேண்டும். விரலில் வைத்துப் பாருங்கள். கை சில்லென்று இருந்தால் சரியாகக் காட்டாது, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு வையுங்கள். மார்பு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவதை ஆயாவிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் மூச்சை மாற்றி விடுவார்.

அண்ணன் (ஓசூர்): அந்தக் கருவியில் பேட்டரி இருக்காது. டிவி ரிமோட்டில் இருப்பதைக் கழற்றிப் போடு அம்மா.

காலை 7.20

பெரியம்மா: 91 காட்டுகிறது. வேறு விரலில் 90. மூச்சு 30. இன்னொன்று, என்னைப் பார்த்து "காவேரிப்பட்டணத்திலிருந்து எப்போது வந்தாய்" என்று கேட்கிறார்.

நான்: 108-ஐக் கூப்பிடுங்கள். இப்போதே.

பெரியப்பா: கஷாயம் வைத்திருக்கிறேன், ஒரு வேளை பார்த்துவிட்டு

நான்: வேண்டாம் பெரியப்பா. 94-க்குக் கீழே போனாலே டாக்டரிடம் போக வேண்டும், இது 91. ஆள் தெரியாமல் பேசுவது வயசானவர்களுக்கு நுரையீரல் சளி பிடித்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். சில சமயம் காய்ச்சல்கூடப் பெரிதாக இருக்காது, பேச்சுதான் முதலில் தடுமாறும். அப்பாவைத் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நிற்கச் சொல்கிறேன். சர்க்கரை மாத்திரை அட்டையையும் அந்த அஜித்ரோமைசின் அட்டையையும் எடுத்து வாருங்கள்.

சித்தப்பா (கிருஷ்ணகிரி): மாத்திரை நோட்டு, மருந்து கொண்டுவந்து கொடுக்கிற அந்த அக்காவிடம் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணி. மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, தெரியுமல்லவா? 2021 ஆகஸ்ட் 5.

தம்பி: இப்போது இது தேவையா அப்பா?

பெரியம்மா: வண்டி வருகிறது. அரிசி மூட்டைகளை வாசலிலிருந்து நகர்த்துகிறோம்.

மதியம் 1.35

அப்பா: சேர்த்துவிட்டார்கள். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாக இருக்கிறது. நிமோனியா என்றார்கள். ஆக்சிஜன் வைத்து ஊசி போட்டிருக்கிறார்கள். இப்போது 96. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அத்தை (காவேரிப்பட்டணம்): மாரியம்மா காப்பாற்றினாள். நான் மாலை பஸ்ஸில் வருகிறேன்.

நான்: சளி மாதிரி எடுத்தார்களா அப்பா?

அப்பா: ஊசி போடும் முன்பே எடுத்தார்கள். டப்பாவில் துரு நிறத்தில் கொஞ்சம் வந்தது.

இரவு 8.10

பெரியப்பா: கண்ணு, டாக்டரே பாக்டீரியா என்றுதானே சொல்கிறார்? காலையில் நான் அனுப்பியதும் அதைத்தானே சொன்னது?

நான்: பாதி சரி பெரியப்பா. அந்தப் பாதி உண்மையாக இருப்பதால்தான் மீதிப் பாதியும் நம்பும்படி இருக்கிறது. 2008 கட்டுரை நிஜம். மோரென்ஸ், டாபன்பெர்கர், ஃபாவ்சி மூவரும் எழுதியது. 1918-19-இல் இறந்த 58 பேரின் பாதுகாத்து வைத்த நுரையீரல் துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிரேதப் பரிசோதனை அறிக்கைகளையும் படித்தார்கள். பெரும்பாலோர் இறந்தது ஃப்ளூவுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாவால் என்றுதான் முடிவு சொன்னார்கள். ஆனால் மாஸ்க்கால் வந்தது என்று அதில் ஒரு வரி கிடையாது. யாரோ பின்னால் ஒட்டவைத்தது அது.

பெரியப்பா: பிறகு பாக்டீரியா எங்கிருந்து வந்ததாம்?

நான்: அவரவர் மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும். நிமோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ் எல்லாம் நல்ல உடம்புக்காரர்களின் மூக்கிலும் தொண்டையிலும் சாதாரணமாகக் குடியிருப்பவை. மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. சளியையும் அதில் ஒட்டிய கிருமியையும் ஓயாமல் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஃப்ளூ வைரஸ் அந்தச் சுவரையே உரித்துவிடுகிறது. வைரஸை எதிர்த்து உடம்பு சுரக்கும் பொருள்களே பாக்டீரியாவை விழுங்கும் அணுக்களைக் கொஞ்ச நாள் மந்தமாக்குகின்றன. அந்த இடைவெளியில் மேலே இருந்தது கீழே இறங்குகிறது. அதனால்தான் காய்ச்சல் விட்டு, ஆள் தேறி, மறுபடி குளிர் எடுக்கிறது. ஞாயிறு விட்டு செவ்வாய் திரும்பியது என்று பெரியம்மா சொன்னபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

தம்பி: 1918-இல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் இறந்தார்கள் பெரியப்பா. நம் ஊர்ப்பக்கம் அன்றைக்கு யார் மாஸ்க் போட்டிருப்பார்கள்?

பெரியப்பா: நீ எதிர்க்கேள்வி கேட்பதில் கெட்டிக்காரன். பரீட்சையில் மட்டும் பதில் வராது.

அண்ணன் (ஓசூர்): அப்படியானால் மாஸ்க்கில் கிருமியே இல்லை என்கிறாயா? 2021-இல் கறுப்புப் பூஞ்சை அழுக்கு மாஸ்க்கால் வருகிறது என்று எல்லா இடத்திலும் பேசினார்களே?

நான்: இருக்கிறது அண்ணா, நன்றாகவே இருக்கிறது. ஒருநாள் முழுக்கப் போட்ட என் மாஸ்க்கை ஆட்டு ரத்தம் கலந்த அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில் அழுத்தி, 37 டிகிரியில் இரவு வைத்துப் பார்த்திருக்கிறேன். காலையில் உட்பக்கத் தட்டு முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். தோலில் இருக்கும் சாதாரண ஸ்டாஃபிலோகாக்கஸ். என் கன்னத்தை அழுத்தியிருந்தாலும் அதுவேதான் வந்திருக்கும். 2022-இல் ஜப்பானில் இதையே முறையாகச் செய்து பார்த்தார்கள். உட்புறம் பாக்டீரியா அதிகம், வெளிப்புறம் பூஞ்சை அதிகம், பெரும்பாலும் தீங்கில்லாதவை. நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் மட்டும் ஒரே மாஸ்க்கைத் திரும்பத் திரும்பப் போட வேண்டாம் என்றார்கள். கறுப்புப் பூஞ்சைக்கு முக்கியக் காரணம் கட்டுப்படாத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும். மாஸ்க்கின் மேல் பழி போடுவது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் அதே தட்டில் வேறு மாதிரி வளரும். கேரம் காய் போல நடுவில் குழிந்து, சுற்றிலும் ரத்தச் சிவப்பு மங்கிப் பச்சை படர்ந்திருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

சித்தப்பா (கிருஷ்ணகிரி): அப்போது என் மாஸ்க் நாற்றம் ஒன்றும் செய்யாதா?

நான்: செய்யாது என்று சொல்லவில்லை சித்தப்பா. வியட்நாம் ஆஸ்பத்திரி ஊழியர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது, 2015-இல் வெளியானது. துணி மாஸ்க் போட்டவர்களுக்கு, சர்ஜிக்கல் மாஸ்க் போட்டவர்களைவிட அதிகமாகத் தொற்று வந்தது. 2020-இல் அதே கணக்கைத் திரும்பப் பிரித்துப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி சலவையில் துவைத்த துணி மாஸ்க் சர்ஜிக்கல் மாஸ்க் அளவுக்குக் காப்பாற்றியிருக்கிறது. வீட்டில் தாங்களே கையால் அலசியவர்களுக்குத் தொற்று இரண்டு மடங்கு. ஆக வேட்டியை அலசுவது போல அலசினால் போதாது. தினமும் சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுத் துவைத்து, வெயிலில் முறுமுறுவென்று காயவிட வேண்டும். ஈரமாகிவிட்டால் மாற்ற வேண்டும். சர்ஜிக்கல் மாஸ்க்கைத் துவைக்கவே கூடாது. நடு அடுக்கில் இருக்கும் மின்னூட்டம் போய்விடும், பிறகு அது வெறும் துணி.

உங்கள் விஷயம் வேறு. கிரானைட் பாலிஷ் தூசிக்குத் துணி மாஸ்க் எதுவும் செய்யாது. அந்தச் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுத்துவிட்டால் காசநோய் எளிதாகப் பற்றும். முதலாளியிடம் என்95 கேளுங்கள்.

சித்தப்பா (கிருஷ்ணகிரி): கேட்டால் "நாளையிலிருந்து வராதே" என்பான்.

அப்பா: கேள். நானும் உன்னோடு வருகிறேன்.

பெரியம்மா: ஆயாவுக்கு நான் மாஸ்க் மாட்டியது தப்பா கண்ணு? அதைத்தான் பகல் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்: மூச்சுத் திணறுகிறவருக்கு மாஸ்க் வேண்டாம் பெரியம்மா, அந்த ஒரு விஷயத்தில் பெரியப்பா சொன்னது சரி. ஆனால் நிமோனியா அதனால் வரவில்லை. மாஸ்க் போட வேண்டியது பக்கத்தில் போகிற பெரியவர்கள். குட்டிப் பையனுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை, அவனுக்குப் போடக் கூடாது. மூக்கு ஒழுகுவது நிற்கும் வரை மடியில் ஏற்றாமல் இருந்தால் போதும்.

அண்ணி: அவனுக்கு இன்னும் இருமல் இருக்கிறது. மிச்சம் இருக்கிற அஜித்ரோமைசின் சிரப்பைக் கொடுக்கலாமா?

நான்: வேண்டாம் அண்ணி. வைரஸ் சளிக்கு அது வேலை செய்யாது. சளி மஞ்சளாக வருவதை மட்டும் வைத்துப் பாக்டீரியா என்று சொல்லவும் முடியாது. ஆயாவுக்கே பாருங்கள், முதல் நாளே மூன்று மாத்திரை விழுங்கியும் ஆறாம் நாள் நிமோனியா வந்து நின்றது. கொரோனா காலத்தில் உலகம் முழுக்க இதே கூத்துதான். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் சொன்ன கணக்குப்படி, ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் 8 சதவீதம் பேருக்குத்தான் பாக்டீரியா தொற்றும் சேர்ந்திருந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்தது 75 சதவீதம் பேருக்கு.

அண்ணி: சரி. எதைப் பார்த்தால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்?

நான்: அழாமல் இருக்கும்போது மூச்சை எண்ணுங்கள். அவன் வயதுக்கு நிமிடத்துக்கு 40-ஐத் தொட்டால் போக வேண்டும். விலாவுக்குக் கீழே உள்ளே இழுத்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், காய்ச்சல் விட்டுத் திரும்பினாலும் அப்படியே. நிமோகாக்கஸ் தடுப்பூசி மூன்று தவணையும் போட்டீர்களா? ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம்.

அண்ணி: அட்டையைப் பார்க்கிறேன்... மூன்றாவது கட்டம் காலியாக இருக்கிறது.

அண்ணன் (ஓசூர்): அன்றைக்கு எனக்கு ஷிப்ட் மாறியது. தள்ளிப் போட்டோம். அப்படியே மறந்து போனது.

நான்: சளி விட்டதும் அட்டையை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஒரு வயது தாண்டியவனுக்கு எப்படி ஈடு செய்வது என்று நர்ஸ் பார்த்துச் சொல்வார். ஆயாவுக்கும் வீட்டுக்கு வந்த பிறகு இந்த ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும்.

வியாழன், காலை 9.05

அப்பா: இரவு காய்ச்சல் இல்லை. இட்லி ஒன்றரை சாப்பிட்டார். ஆஸ்பத்திரி சட்னியில் உப்பு இல்லை என்று சண்டை.

அத்தை (காவேரிப்பட்டணம்): அப்படியானால் தேறிவிட்டார்.

நான்: சளியில் கிராம் சாயம் (பாக்டீரியாவை நிறம் வைத்துப் பிரித்துக் காட்டுவது) போட்டுப் பார்த்த முடிவு வந்துவிட்டது. ஊதா நிறத்தில் இரட்டை இரட்டையாக உருண்டைகள். நிமோகாக்கஸாகத்தான் இருக்கும் என்றார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் முடிவு நாளை அல்லது நாளை மறுநாள்.

பெரியப்பா: இருக்கட்டும். ஆனாலும் நான் அனுப்பியதில் பாதி சரி என்று நீயே எழுதியிருக்கிறாய். சங்கக் குழுவில் அதைப் போட்டுவிட்டேன்.

தம்பி: எந்தப் பாதியைப் பெரியப்பா?

பெரியப்பா: எனக்குப் பிடித்த பாதியை.

நான்: பெரியப்பா!!

பெரியப்பா: விளையாட்டுக்குச் சொன்னேன். நீ எழுதியதையும் கீழே ஒட்டியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு, பென்னாகரத்து நண்பர் ஒருவர் தன் மனைவிக்கும் காய்ச்சல் விட்டு மறுபடி வந்திருக்கிறது என்கிறார். உன் எண்ணைக் கொடுக்கலாமா?

நான்: என் எண் எதற்கு? உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.

பெரியப்பா: சொல்லிவிட்டேன். கிளம்புகிறார்கள்.

பெரியம்மா: இன்று இரவு ஆயாவுடன் யார் தங்குவது? உங்கள் அப்பா இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

சித்தப்பா (கிருஷ்ணகிரி): நான் ஆறு மணிக்கு வந்துவிடுவேன் அண்ணி.

நான்: சித்தப்பா, பட்டறைச் சட்டையோடு வராதீர்கள். குளித்துவிட்டு வாருங்கள். அந்தத் துணி மாஸ்க்கும் வேண்டாம், இங்கே பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.

அத்தை (காவேரிப்பட்டணம்): வரும்போது அம்மாவின் பல் செட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். அது இல்லாமல் இட்லியை விழுங்கிக்கொண்டிருக்கிறார்.

பெரியம்மா: ஜன்னல் ஓரம் டம்ளரில் இருக்கிறது. பேரன் தொடவில்லை என்றால் அங்கேயே இருக்கும்.