புதுப்பிப்பு: ஹோட்டல் பாயின்ட்ஸ் விஷயத்தில் கடைசியில் என்ன செய்தேன்

வருடத்தில் 55 இரவு போல வேலைக்காக வெளியில் தங்குகிறேன், பாயின்ட் சேர்க்க எந்த ஹோட்டல் குழுமம் நல்லது, மேரியட்டா ஹையட்டா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, இரண்டிலும் பாதிப் பாதி போடலாம் என்றுதான் அப்போது நினைப்பு. அது தப்புக் கணக்கு. கூடுதல் சலுகை தரும் உறுப்பினர் நிலைக்கு மேரியட்டில் (பிளாட்டினம்) 50 இரவு, ஹையட்டில் (குளோபலிஸ்ட்) 60 இரவு வேண்டும், இதில் இரண்டாகப் பிரித்தால் இரண்டிலுமே நடுவில் தொங்க வேண்டியதுதான்.

ஹையட் பக்கம் மனசு போனது உண்மை. இலவச இரவுக்கு எத்தனை பாயின்ட் என்று அட்டவணையே போட்டு வைத்திருக்கிறார்கள். மேரியட் 2022-லேயே அதை எடுத்துவிட்டது, அன்றைய வாடகைக்கு ஏற்ப பாயின்ட்டும் ஏறி இறங்கும். ஆனால் நான் போகிற ஊர்களில் பாதியில் ஹையட்டே கிடையாது, அப்புறம் எங்கே 60 இரவு சேர்ப்பது? மேரியட்டே சரி என்று முடிவு செய்தேன்.

அதிலும் ஒரு அடி வாங்கினேன். அலுவலகத்தில் எனக்காக ஆறு இரவுகளை ஏதோ முன்பதிவுத் தளம் வழியாகப் போட்டுவிட்டார்கள், அதில் ஒன்றுகூட என் கணக்கில் ஏறவில்லை. நேரடியாகப் போட்டால்தான் பொதுவாக இரவும் பாயின்ட்டும் சேரும், இது எனக்கே தெரிந்த விஷயம்தான், சொல்லத்தான் மறந்துவிட்டேன். இப்போது 44-இல் நிற்கிறேன். 50-க்கு மீதி வேண்டிய ஆறையும் நானே நேரடியாகப் பதிவு செய்துவிட்டேன்.