தக்காளியில் வெள்ளை ஈ: மூன்று தடவை மருந்து அடித்தும் இலை சுருள்கிறது, பிடுங்கவா வேண்டாமா?

புதுநாற்று

வணக்கம். நட்டு 35 நாள் ஆன தக்காளி, மொத்தம் 600 செடி. இரண்டு வாரத்துக்கு முன்னால் செடியைக் கையால் தட்டினால் மாவைத் தூவிவிட்டதுபோல வெள்ளையாக எழும்பிப் பறந்து, மறுபடி அங்கேயே வந்து உட்கார ஆரம்பித்தது. இமிடாகுளோபிரிட் அடித்தேன். அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை, அப்பாடா என்று இருந்தேன், ஆறாவது நாள் பழையபடி கூட்டம். திரும்ப அதே மருந்து, திரும்ப அதே கதை. மூன்றாவது தடவை அளவைக் கொஞ்சம் கூட்டியே அடித்தேன் (திட்டாதீர்கள்), இந்த முறை குறையக்கூட இல்லை.

இப்போது 40 செடியில் கொழுந்து இலை சிறுத்து, கிண்ணம் மாதிரி மேல்பக்கம் குவிந்து, ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. செடி நட்ட உயரத்திலிருந்து பெரிதாக ஏறவில்லை, பூ வந்தாலும் கொட்டிவிடுகிறது. இன்னொரு 20 செடியில் அடி இலை மட்டும் சுருண்டிருக்கிறது, மேலே நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாம் ஒரே நோயா? இதைவிட நல்ல மருந்து ஏதாவது இருக்கிறதா, இல்லை பிடுங்கித்தான் ஆகவேண்டுமா? பிடுங்க மனசு வரவில்லை.

இலையடி

முதலில் அந்த 20 செடியை விட்டுவிடுங்கள், அவற்றுக்கு அநேகமாக ஒன்றும் இல்லை. வெயிலோ, தண்ணீர் ஏறி இறங்குவதோ, பக்கக்கிளைகளை ஒரேயடியாகக் கிள்ளியதோ காரணமாகத் தக்காளி தன் அடி இலைகளை நீளவாக்கில் குழல்போலச் சுருட்டிக்கொள்ளும். தொட்டால் தோல்போலத் தடிப்பாக இருக்கும், பச்சை மாறாது, கொழுந்து பாதிக்காது, காயும் பிடிக்கும். அது நோயே இல்லை.

40 செடி பற்றி நீங்கள் சொல்கிற அடையாளம் வெள்ளை ஈ கொண்டுவருகிற இலைச்சுருள் வைரஸ்தான். இன்னொன்றையும் பார்த்து ஒதுக்கிவிடுங்கள்: கொழுந்து கீழ்ப்பக்கமாக வளைந்து, குறுகி, அடிப்பக்கம் செம்பு நிறத்தில் மினுமினுத்தால் அது சிலந்திப்பேன் வேலை, அதற்கு மருந்தே வேறு. இலையைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளை ஈ பிரச்சினையில் பாதிப் பேர் இலையின் மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்போம், நானும் இரண்டு பருவம் அப்படித்தான் ஓட்டினேன்.

காட்டுவழி

மருந்து ஏன் பலிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பறக்கிறது பாருங்கள், அது மொத்தக் கூட்டத்தில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முட்டை அங்கேதான், பொரித்த குஞ்சு கொஞ்ச தூரம் நகர்ந்து ஓர் இடம் பிடித்துவிட்டால் அதன்பிறகு நகராது, செதில் மாதிரி தட்டையாக ஒட்டியபடியே சாறு குடிக்கும். நான்காவது பருவத்தில் உணவை நிறுத்தி, கூட்டுப்புழு போல இருந்து, பிறகு முதுகு பிளந்து ஈ வெளியே வரும். வெப்பமான நாட்களில் முட்டையிலிருந்து ஈ வரை ஏறக்குறைய 3 வாரம். நீங்கள் அடித்த அன்று பறந்ததெல்லாம் செத்தது, உண்மை. ஆறாவது நாள் நீங்கள் பார்த்தது அன்றைக்கு முற்றிய குஞ்சாகவும் கூட்டுப்புழு நிலையிலும் இருந்து தப்பியவை, பக்கத்திலிருந்து வந்தவையும் சேர்ந்திருக்கும்.

மூன்றாவது தடவை குறையாததற்குக் காரணம் வேறு. ஒரே மருந்தைத் தொடர்ந்து அடித்தால் அதில் சாகாதவை மட்டும் மிஞ்சிப் பெருகும். இமிடாகுளோபிரிட்டுக்கு வெள்ளை ஈ பழகிப்போனது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். அளவைக் கூட்டுவது இதைச் சரிசெய்யாது, ஈயைத் தின்கிற பொறிவண்டையும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியையும் கொன்று ஈக்குத்தான் வழி விடும். போட்டதை விட்டு இன்னொன்று வாங்குகிறபோதும் கவனம்: அசிட்டமிப்ரிட், தயாமெதாக்சம் எல்லாம் அதே குடும்பம், பெயர்தான் வேறு. மருந்து பூச்சியை எந்த வழியில் கொல்கிறது என்பதற்குச் செயல்முறைக் குழு எண் உண்டு, பல டப்பாக்களின் சீட்டில் இருக்கும், இவை மூன்றும் 4ஏ. எண் மாறினால்தான் மருந்து மாறியதாகக் கணக்கு.

புதுநாற்று

இலையைத் திருப்பிப் பார்த்தேன் அண்ணா. அடேயப்பா. நடு இலைகளுக்கு அடியில் வெளிறிய மஞ்சளில் செதில் செதிலாக, ஒரு இலையில் எண்ணவே முடியவில்லை. கொழுந்துக்கு அடியில் ஈயும் முட்டையும். அடி இலைகளின் மேலே பிசுபிசுப்பாக, அதன்மேல் கரி பூசியதுபோலக் கருப்பு. அதைப் புகை படிந்தது என்று நினைத்திருந்தேன். சரி, இப்போது என்ன அடிக்கட்டும்? அந்த 40 செடியும் மருந்து மாற்றினால் தேறுமா?

காட்டுவழி

தேறாது. வைரஸுக்கு மருந்து கிடையாது, செடிக்குள் போனது போனதுதான். ஈயைக் கொல்வது மற்ற செடியைக் காப்பாற்றத்தான். மனசு வராது என்று தெரியும், ஆனால் காய் பிடிக்கும் முன்னாலேயே இப்படிக் குறுகிய செடி இனி ஒன்றும் தரப்போவதில்லை, நின்றால் 560 செடிக்கும் அதுதான் ஊற்றுக்கண். நோயுள்ள செடியில் ஒரு ஈ அரைமணி நேரம் சாறு குடித்தாலே வைரஸ் ஏறிவிடும், அரைநாளோ ஒருநாளோ போனபின் அது உட்காருகிற செடிக்கெல்லாம் கொடுக்கும், பெரும்பாலும் சாகும்வரை.

பிடுங்குவதிலும் முறை இருக்கிறது. பட்டப்பகலில் செடியை உலுக்கிப் பிடுங்கினால் அதிலிருந்த ஈ எல்லாம் பக்கத்துச் செடிக்குக் குடிபோய்விடும், அதைவிடப் பிடுங்காமலே இருக்கலாம். விடியற்காலைக் குளிரில் ஈ மந்தமாக இருக்கும்போது போங்கள், ஒரு பெரிய பையைச் செடியின் தலைமேல் கவிழ்த்து வாயை மூடி, அப்புறம் வேரோடு இழுங்கள். பையை வெயிலில் கட்டியபடியே கிடத்திவிட்டுப் பிறகு புதைக்கலாம். வயலோரத்தில் மட்டும் குவிக்காதீர்கள்.

இன்னொன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு பயப்படாதீர்கள். ஈ கடித்து 2 முதல் 3 வாரம் கழித்துத்தான் சுருள் தெரியும். அதனால் 40 என்பது முழுக்கணக்கு இல்லை, இன்றைக்கு நன்றாகத் தெரிகிற சிலவற்றிலும் வைரஸ் ஏற்கெனவே இருக்கும், அடுத்த இரண்டு வாரமும் புதிதாக வந்துகொண்டிருக்கும். புது மருந்து வேலை செய்யவில்லை என்று அப்போது முடிவுகட்டி இன்னும் இரண்டு மடங்கு அடிக்க வேண்டாம். அதன்பிறகும் ஏறிக்கொண்டே போனால்தான் கவலை.

மருந்துக்கு வருகிறேன். இலையடியில் அவ்வளவு குஞ்சு இருக்கிறது என்றால் குஞ்சைப் பிடிக்கிற மருந்து வேண்டும். பைரிப்ராக்சிஃபென், புப்ரோஃபெசின், ஸ்பைரோமெசிஃபென், இந்த மூன்றும் வேறு வேறு குழு. முதல் இரண்டும் பறக்கிற ஈயைக் கொல்லாது, ஆகவே அடித்த மறுநாள் ஈ பறந்தால் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்கக் கூடாது, தோல் உரிக்க முடியாமல் குஞ்சு சாவதும் ஈயாகாமல் போவதும் வெளியே தெரியாது. உங்கள் பகுதியில் தக்காளிக்கு அனுமதித்ததை மட்டும் எடுங்கள், சீட்டில் உள்ள அளவு, பறிப்புக்கு முன் விடவேண்டிய நாள், இரண்டையும் மீறாதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், தெளிப்பான் முனையை மேல்நோக்கித் திருப்பி அடியிலிருந்து அடியுங்கள். மேலே நனைத்துவிட்டு வருவது இலைக்குக் குளியல், அவ்வளவுதான்.

வேம்பு

எடுத்ததும் மருந்துப் பட்டியலா என்று கேட்கத் தோன்றுகிறது. வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம், இல்லாவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கரைய கொஞ்சம் சோப்பு, சாயங்காலம் இலையடி நனைய வாரம் ஒருமுறை. நான் அதிலேயே ஓட்டுகிறேன். எண்ணெய் கலந்ததை உச்சிவெயிலில் அடித்தால் இலை கருகும், புதிதாகச் செய்கிறவர் முதலில் நாலு செடியில் அடித்து இரண்டு நாள் பார்க்கட்டும். புவேரியா பேசியானா மாதிரி பூச்சியைக் கொல்கிற பூஞ்சாணமும் நல்லது, காற்றில் ஈரம் இருந்தால்.

ஈயை எண்ணிப் பார்க்க மஞ்சள் ஒட்டும் அட்டையை யாருமே சொல்லவில்லையே?

காட்டுவழி

வேம்பு அக்கா, வேப்பெண்ணெயை நான் குறை சொல்லவில்லை, ஆரம்பத்திலிருந்தே அடித்தால் பிடிக்கும், இவர் நிற்கிற கட்டத்தில் அது மட்டும் போதாது. மஞ்சள் அட்டை எனக்கு எச்சரிக்கை மணி, அவ்வளவே. செடியின் உச்சி உயரத்துக்குக் கட்டி, செடி வளர வளர ஏற்றி, வாரம் ஒரு நாள் எண்ணினால் கூட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். நூறு அட்டை தொங்கவிட்டால் ஈ ஒழியும் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது, இலையடிக் குஞ்சு அட்டையில் வந்து ஒட்டப்போவதில்லை.

வேம்பு

எண்ணத்தானே நானும் சொன்னேன். மூடிய கூடாரத்தில் அது பிடிக்கவும் செய்யும், திறந்த வயலில் நீங்கள் சொல்வது சரி.

இலையடி

யூரியா போடுகிறீர்களா புதுநாற்று? தழைச்சத்து கூடி இலை கொழகொழவென்று இருந்தால் வெள்ளை ஈக்கு விருந்து. சுற்றிலும் துத்தி, ஊமத்தை, மணத்தக்காளி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆனால் மருந்து அடித்த பிறகு எடுங்கள், முன்னால் எடுத்தால் அங்கிருப்பதும் தக்காளிக்கே வரும்.

அப்புறம் காய் விஷயம். வைரஸ் இல்லாத செடியிலும் குஞ்சு நிறைய இருந்தால் பழம் ஒரே சீராகச் சிவக்காது, பட்டை பட்டையாகப் பச்சையும் மஞ்சளும் நிற்கும், வெட்டினால் உள்ளே வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும். பொட்டாஷ் குறை என்று உரத்தை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள், முதலில் இலையைத் திருப்புங்கள். பிசுபிசுப்பு ஈயின் கழிவு, அதில் வளர்கிறதுதான் அந்தக் கருப்புப் பூசணம். ஈ குறைந்தால் அதுவும் நிற்கும், அதற்கென்று தனியாகப் பூசணக்கொல்லி வேண்டாம்.

புதுநாற்று

இன்று விடியற்காலை 43 செடி எடுத்துவிட்டேன், பையைக் கவிழ்த்துத்தான். ஒரு கேள்வி மட்டும். அடுத்த தடவை நாற்று விடும்போது எங்கே மாற்றவேண்டும்? இந்த முறை நாற்றைத் திறந்த இடத்தில், பழைய கத்தரிக்காய்ப் பாத்திக்குப் பக்கத்தில் விட்டிருந்தேன்.

காட்டுவழி

அங்கேதான் வந்திருக்கிறது. நாற்றிலேயே வைரஸ் ஏறினால் மகசூல் போச்சு, காய் திரண்டபின் ஏறினால் பெரிதாக அடிபடாது. ஆகவே காவல் எல்லாம் முதல் 40, 50 நாளுக்குத்தான். நாற்றங்காலை 50 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 50 கண்) வலைக்குள் வையுங்கள், சாதாரண நிழல்வலையில் ஈ தாராளமாக நுழையும். கத்தரிப் பாத்தியை முழுதும் அழித்து, இடையில் சில வாரம் விட்டு நடுங்கள். மண்ணை மூடுகிற வெள்ளி நிற மல்ச்சிங் ஷீட் போட்டால் பளபளப்பில் ஈ இறங்கத் தடுமாறும், செடி படர்ந்து மூடும்வரை பலன் உண்டு. ஓரத்தில் மக்காச்சோளமோ சோளமோ நெருக்கமாக, தக்காளிக்கு முன்பே விதைத்து உயர்த்திவிடுங்கள்.

ரகம் வாங்கும்போது டிஒய் (Ty) மரபணு உள்ளதா என்று கேளுங்கள், காட்டுத் தக்காளி இனங்களிலிருந்து கொண்டுவந்த எதிர்ப்பு அது. அதிலும் வைரஸ் ஏறும், செடி தாங்கிக்கொண்டு காய்க்கும். அதனால் சாதா ரகத்தை அதற்குப் பக்கத்தில் நட்டுவிடாதீர்கள்.

புதுநாற்று

குறித்துக்கொண்டேன். இன்று சாயங்காலம் புப்ரோஃபெசின், முனையைத் திருப்பிப் பிடித்து. ஒரு வாரம் கழித்து இலையடி எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன்.